நல்ல பிரசவத்துக்கான வேர்

எவாந்தியாவைப் பற்றி எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் இரண்டு விஷயம் சொல்வார்கள். ஒன்று, அவளுடைய வாய். இன்னொன்று, பெற்ற மகளே சிறுநீரகம் தருகிறேன் என்று வந்து நின்றும் வேண்டாம் என்று சொன்ன மகராசி அவள். முதல் விஷயம் முழு உண்மை. இரண்டாவதில் பாதிதான் உண்மை. மிச்சப் பாதி எனக்கு மட்டும் தெரியும். தெரிந்தும் ஒரு வருஷத்துக்கு மேல் வாயை மூடிக்கொண்டு வண்டி ஓட்டினேன். அந்தக் கோபம் எனக்கு என்மேல் இன்னும் ஆறவில்லை.

நான் பனாகோஸ். இந்தக் கிரேக்க மலையூரில் இருக்கிற ஒரே டாக்ஸி என்னுடையது. திங்கள், புதன், வெள்ளி காலை ஆறரைக்கு எவாந்தியாவை ஏற்றிக்கொண்டு மலை இறங்குவேன். நகரத்து ஆஸ்பத்திரியில் நாலு மணி நேரம் மெஷின் அவள் ரத்தத்தை வெளியே எடுத்துக் கழுவி மறுபடி உள்ளே விடும். நான் கீழே காப்பி குடித்துக்கொண்டு கிடப்பேன். மதியம் அவளைத் திரும்ப ஏற்றும்போது ஆள் வெளுத்துப் போய் நடுங்குவாள். சிவப்பில் கறுப்புக் கட்டம் போட்ட கம்பளி ஒன்று வைத்திருந்தாள், அம்மா வீட்டுச் சீதனம். அதைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்து என் ஓட்டுதலைக் குறை சொல்லிக்கொண்டே வருவாள். வீடு வந்ததும் கம்பளியை நாலாக மடித்துக் கையோடு எடுத்துப் போய்விடுவாள். ஒருநாள் வண்டியிலேயே விட்டுப் போ, யார் தூக்கிக்கொண்டு போகப் போகிறார்கள் என்றேன்.

"உன் வண்டியில ஆட்டு நாத்தம் அடிக்குது. என் கம்பளிக்கும் ஒட்டணுமா?" என்றாள்.

அப்படிப்பட்டவள். கல்யாணமாகி எங்கள் ஊருக்கு வந்தபோது அவளுக்கு இருபத்து நாலு வயது. புருஷன் ஸ்டாத்திஸ் மரம் வெட்டுகிறவன். நாள் முழுக்கக் காட்டில் கிடப்பான், வீட்டுக்கு வந்தாலும் பேச்சு கிடையாது. அவன் பேச வேண்டியதையும் சேர்த்து இவள்தான் பேசினாள். ரொட்டி சுடுவதில் அவளுக்கு நல்ல கை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வைக்கிற முத்திரை ரொட்டியை அவள்தான் பிசைந்து, மரமுத்திரை வைத்து அழுத்திக் கோயிலுக்குக் கொண்டுபோவாள். அவள் ரொட்டியில் முத்திரையின் எழுத்து ஒவ்வொன்றும் தெளிவாக விழும். பாதிரியார் மற்றவர்கள் ரொட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு அவளுடையதைத்தான் எடுப்பார்.

அதிலேதான் அவளுக்கு வினையும் இருந்தது. வீட்டுவிலக்கான பெண் பூசை ரொட்டிக்கு மாவில் கை வைக்க மாட்டாள், எங்கள் வழக்கம் அது. எவாந்தியாவுக்குத் தூரமான வாரம் பக்கத்து வீட்டுக்காரி ரொட்டியைத் தூக்கிக்கொண்டு கோயில் படி ஏறுவாள். ஊரே பார்க்கும். ஓ, இந்த மாசமும் இல்லையா என்று ஒருத்தி முழங்கையால் இன்னொருத்தியை இடிப்பாள். ஒன்பது வருஷம் இப்படி. அத்தனை வாய் இருந்தும் இதற்குப் பதில் சொல்ல அவளுக்கு ஒரு சொல் கிடைக்கவில்லை. அந்த ஞாயிறுகளில் அவள் வீட்டு ஜன்னல் சாத்தியே இருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் லிக்கூர்கோஸ் வாத்தியார் பலகைகளை நட்டார். பள்ளிக்கூடத்தில் பழைய கிரேக்கம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், சும்மா இருக்க முடியாத மனிதர். ஊர்ச் சதுக்கத்தில் தொடங்கி ஆற்றுக்கு இறங்கும் பாதை நெடுக, எந்த இடத்தில் எந்தச் செடி முளைக்கிறதோ அங்கே ஒரு மரப்பலகை. அதில் ஈராயிரம் வருஷத்துக்கு முந்திய பெயரும் அதன் அர்த்தமும். மொத்தம் பன்னிரண்டு. எட்டாவது பலகை, கைவிட்டுப்போன திராட்சைத் தோட்டத்து வேலியோரம். அதில் நீல எழுத்தில் இப்படி இருந்தது: 'அரிஸ்தொலோகியா. அரிஸ்தோஸ், மிகச் சிறந்தது. லோகியா, பிரசவம். பிள்ளைப்பேற்றுக்கு மிகச் சிறந்தது என்று நம் முன்னோர் வைத்த பெயர்.'

செடி ஒன்றும் பார்க்க அழகானதில்லை. இதய வடிவத்தில் இலை. தொண்டை நீண்ட ஒரு பூ, மஞ்சளும் இல்லாத பழுப்பும் இல்லாத ஒரு நிறம். ஈ உள்ளே போய் மாட்டிக்கொள்ளும். மண்ணுக்கடியில் சின்ன உருளைக்கிழங்கு போல உருண்டையாக ஒரு வேர், நாக்கில் வைத்தால் ஒரு நாள் முழுக்கக் கசப்பு போகாது. எங்கள் ஆடுகள் முள்ளைத் தின்னும், சாக்கைத் தின்னும், ஒரு தடவை என் வண்டிக் கதவின் ரப்பரையே தின்றுவிட்டன. இந்தச் செடியில் மட்டும் வாய் வைக்காது. ஆட்டுக்கு இருந்த புத்தி எங்களுக்கு இல்லை.

வாத்தியார் மேல் பழி போடுவதும் சரியில்லை. வேரைக் காய்ச்சிக் குடி என்று அவர் எவரிடமும் சொன்னதில்லை, அவருக்குப் பெயர்தான் முக்கியம். காப்பிக் கடையில் உட்கார்ந்து, "உலகத்துல வேற எந்த ஜாதிக்காரன்யா அவன் மூதாதை வச்ச பேரை இன்னைக்கும் அகராதி இல்லாம படிப்பான்?" என்பார். நாங்களும் நெஞ்சை நிமிர்த்திக்கொள்வோம். அதுதான் எங்கள் கோளாறு. மாத்திரைப் பெட்டியில் அச்சடித்திருப்பதை நம்ப மாட்டோம், டாக்டர் சொன்னால் இரண்டு பேரிடம் விசாரிப்போம். முன்னோர் வைத்த பெயர் என்றால் கேள்வியே கிடையாது. பெயரே சொல்கிறதே, பிறகு என்ன?

ஒரு ஏப்ரல் மாதம் எவாந்தியா என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"யோவ் பனாகோ. வாத்தியார் பலகை எட்டாம் நம்பர் இருக்குல்ல, அங்க நாலு கிழங்கு தோண்டிக் கொடு."

"எதுக்கு?"

"உனக்கு சூப் வைக்க."

"நீயே போய்த் தோண்டிக்கிறது."

"நான் அந்தப் பலகைகிட்ட குனிஞ்சா ஊரே எண்ணிக்கிட்டு நிக்கும். தோண்டிக் கொடுய்யா."

நாலு கேட்டாள், பத்து தோண்டிக் கொடுத்தேன். அதைச் சீவிக் காயவைத்து, கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு துண்டு எடுத்துத் திராட்சைச் சாராயத்தில் கொதிக்கவிட்டு மாதம் ஏழு நாள் குடித்தாள். தீர்ந்தபோதெல்லாம் நான் தோண்டினேன். இரண்டாவது வருஷம், தொடர்ந்து மூன்று மாதம் ஒரு ஞாயிறு விடாமல் எவாந்தியாவே ரொட்டியைத் தூக்கிக்கொண்டு கோயில் படி ஏறினாள். முழங்கைகள் இடித்துக்கொண்டன, இந்தத் தடவை வேறு விதமாக. அவள் தலையைத் தூக்கிக்கொண்டு நடந்ததை நான் பார்த்தேன். இன்றைக்கு நினைத்தாலும் நெஞ்சு நிறைந்துதான் போகிறது, அப்புறம் உடனே வலிக்கிறது.

மிர்த்தோ பிறந்தாள். சுகப்பிரசவம். ஞானஸ்நானத்தில் எண்ணெய் பூசிக் கையில் ஏந்தியவன் நான். எங்கள் பிள்ளைகள் ஞானத்தகப்பனை 'நூனே' என்று கூப்பிடும். அந்தப் பிள்ளைக்கு முதலில் வந்த வார்த்தைகளில் அதுவும் ஒன்று. வேர்தான் பிள்ளையைக் கொடுத்தது என்று எவாந்தியா முடிவு கட்டிவிட்டாள். அதற்குப் பிறகு அவளை யார் மாற்றுவது? ஒவ்வொரு வசந்தத்திலும் நாற்பது நாள், ரத்தம் சுத்தமாகட்டும் என்று குடித்தாள். நானும் ஒவ்வொரு வசந்தத்திலும் மண்வெட்டியை எடுத்தேன். பதினெட்டு வருஷம் எடுத்தேன்.

ஐம்பத்து மூன்றாவது வயதில் ஒருநாள் மாவு பிசைந்துகொண்டே தொட்டிமேல் சாய்ந்தாள். ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு இரண்டு சிறுநீரகமும் வாதுமைக்கொட்டை அளவுக்குச் சுருங்கிவிட்டன என்றார்கள். மெஷின் ஊசி ஏற்ற இடது கையில் ரத்தக் குழாய்களை இணைத்துத் தைத்தார்கள். அந்தக் கையால் கனம் தூக்கக் கூடாது, மாவு பிசையக் கூடாது. தண்ணீருக்கு அளவு. தக்காளி கூடாது, ஆரஞ்சு கூடாது. உருளைக்கிழங்கை இரண்டு தடவை வேகவைத்துத் தண்ணீரைக் கொட்ட வேண்டும். "சாகறதுக்கு முன்னாடியே என்னைப் பட்டினி போட்டுப் பழக்குறாங்க" என்பாள். ஒற்றைக் கையால் ரொட்டி பிசைந்து, நர்சுகளுக்கு மாதம் ஒரு தடவை என் டிக்கியில் வைத்துக் கொண்டுபோவாள்.

மெஷினுக்குப் போகத் தொடங்கிய மூன்றாவது மாதம் நான் கீழே வராந்தாவில் இருந்தபோது டாக்டரம்மா வந்தாள். சின்ன வயது, வடக்கிலிருந்து வந்தவள். போனில் ஒரு படத்தைக் காட்டினாள். இதய வடிவத்து இலை, தொண்டை நீண்ட பூ.

"இந்தச் செடி உங்க ஊர்ப் பக்கம் இருக்கா?"

"எங்கதான் இல்ல?"

"மருந்துன்னு யாராவது குடிக்கிறாங்களா? அந்தம்மா சிறுநீரகம் சுருங்கியிருக்கிற விதம் எனக்கு இதுமேலதான் சந்தேகத்தைக் கிளப்புது. கேட்டா மலை டீயைத் தவிர எதையும் தொட்டதில்லைன்னு சாதிக்கிறாங்க. இது உடனே எதுவும் செய்யாது. வருஷக்கணக்குல குடிச்சா உள்ளுக்குள்ள தின்னுட்டே இருக்கும், வெளியில தெரியாது."

 நான் தலையைப் பின்னுக்குச் சாய்த்து, இல்லை என்று உச்சுக்கொட்டினேன். அவளும் போய்விட்டாள்.

அன்று மலை ஏறும்போது சொன்னேன். "அந்த வேர்தானாம்."

"எந்த வேர்?"

"நான் தோண்டிக் கொடுத்த வேர்."

அவள் கம்பளியை இன்னும் இழுத்துப் போர்த்திக்கொண்டாள். பிறகு, "அந்தப் பேரை இனிமே இந்த வண்டியில எடுக்காத. எடுத்தா நான் பஸ்ல போய்க்கிறேன்" என்றாள்.

"பஸ் வாரத்துக்கு ரெண்டு நாள்தான் வருது."

"ரெண்டு நாள் கழுவினா போதும், எனக்கு."

அன்று சாயங்காலம் காய்ந்த வேர் இருந்த ஜாடியை ஆற்றில் போட்டுவிட்டாள் என்று பிறகு தெரிந்தது. மகள் கேட்டதற்குப் பூஞ்சை பிடித்துவிட்டது என்று சொன்னாளாம்.

ஸ்டாத்திஸுக்குச் சர்க்கரை நோய், அவன் சிறுநீரகம் ஆகாது. மிர்த்தோ அப்போது இருபதை எட்டியிருந்தாள். பூசை முடிந்து எல்லாரும் கோயில் வாசலில் நிற்கும்போது, "என்னோடதை எடுத்துக்கோம்மா. ஒண்ணு வச்சு வாழலாம்னு டாக்டரே சொல்றாங்க" என்றாள். எவாந்தியா, "உன்னை அறுத்து நான் வாழணுமா? இன்னொரு தடவை இந்தப் பேச்சை எடுத்தா மெஷினுக்கே போக மாட்டேன்" என்று கத்தினாள். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். தாய் என்றால் இவள் தாய் என்று ஒரு வாரம் பேசினார்கள்.

எனக்கு எரிச்சல்தான் வந்தது. அடுத்த திங்கட்கிழமை வண்டியில் பிடித்துக்கொண்டேன். "பிள்ளை கையில எடுத்துக் கொடுக்குது. வாங்கிக்கிட்டா என்ன கேடு உனக்கு? வறட்டுப் பிடிவாதம்."

"சும்மா எடுத்துடுவாங்களா? முதல்ல அவளைச் சோதிப்பாங்க."

"சோதிக்கட்டுமே."

அவள் கம்பளியின் ஓரத்தை விரலில் சுற்றினாள். "அவளுக்கும் கொடுத்தேன், பனாகோ."

நான் வண்டியை ஓரம் கட்டினேன்.

"பதினாலு வயசுல இருந்து. மாசாமாசம் வயித்து வலியில சுருண்டு கிடப்பா. பொம்பளைங்க கஷ்டத்துக்குத்தானே அந்தப் பேரு வச்சிருக்காங்கன்னு நினைச்சேன். தேன் ஊத்திக் கொடுத்தேன். கசக்குதும்மான்னு அழுவா. மூக்கைப் பிடிச்சு ஊத்துவேன்."

"எது வரைக்கும்?"

"நீ சொன்ன அன்னைக்குக் காலையில வரைக்கும்."

"அப்ப உடனே அவளைக் காட்டணும், எவாந்தியா. இப்பவே."

"காட்டினா தெரிஞ்சிடும். காட்டாத வரைக்கும் அவ நல்லாத்தான் இருக்கா. ஓடுறா, சிரிக்கிறா, நீயே பார்க்கிறேல்ல. ஒண்ணும் ஆகியிருக்காது." என் கையைப் பிடித்தாள். "நீ வாயைத் திறக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணு."

பண்ணினேன். அது முட்டாள்தனம் என்று தெரியாமல் இல்லை. சீக்கிரம் தெரிந்தால் டாக்டர்கள் ஏதாவது செய்து கொஞ்சம் தடுத்து வைக்கலாம், அதுவும் தெரியும். ஆனால் அந்த வேர் ஒவ்வொன்றையும் தோண்டியது என் மண்வெட்டி. அவள் மாட்டினால் நானும் மாட்டுவேன். நட்பு, இரக்கம் என்றெல்லாம் இதற்குப் பெயர் வைக்க நான் தயாரில்லை. பயந்தேன், அவ்வளவுதான்.

மறு வருஷம் பிப்ரவரியில் மிர்த்தோ வந்தாள். "நூனே, செவ்வாய்க்கிழமை என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. அம்மாவுக்குத் தெரிய வேண்டாம். கம்ப்யூட்டர் வகுப்புன்னு சொல்லிக்கிறேன்."

"வேண்டாம் மகளே."

"ஏன் வேண்டாம்?"

வண்டிச் சாவியைத் தேடுவதுபோலப் பையைத் துழாவினேன்.

"அவங்க வேண்டாம்னு சொல்றது பாசத்துல. எனக்கு மட்டும் பாசம் இருக்கக் கூடாதா?" என்றாள். கூட்டிப்போனேன். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். அம்மாவுக்கு ஆபரேஷன் முடிந்ததும் முதலில் ஒரு முழு ஆரஞ்சு உரித்துக் கொடுக்க வேண்டுமாம். நான் ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டினேன்.

இரண்டு வாரம் கழித்து முடிவு சொன்னார்கள். இவளே கொடுக்கிற நிலைமையில் இல்லை, இவளுடைய சிறுநீரகம் வேலை செய்வதே பாதிக்கும் கீழே போய்விட்டது. வண்டிக்குத் திரும்பி வந்தவள் கதவைத் திறக்காமல் நின்றாள்.

"நூனே, சின்ன வயசுல இருந்து அம்மா எனக்குக் கொடுத்தது என்ன வேர்?"

"அரிஸ்தொலோகியா. தோண்டிக் கொடுத்தவன் நான்." அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. "ஒரு வருஷமா எனக்குத் தெரியும். என்னை அடிச்சாலும் தப்பில்ல."

"எட்டாம் நம்பர் பலகை," என்றாள். "வாத்தியார் வருஷா வருஷம் எங்களைத்தான் எழுத்துக்குப் பெயிண்ட் அடிக்க விடுவார். நான் எட்டாம் நம்பரைத்தான் கேட்டு வாங்குவேன். நீ அந்தச் செடியில பிறந்தவன்னு அம்மா சொல்லியிருந்தாங்க." அழவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு உள்ளே உட்கார்ந்தாள். "இது தெரிஞ்சா அம்மா ஊசியைப் பிடுங்கிப் போட்டுட்டுச் செத்தே போயிடுவாங்க. ஒத்துவரலைன்னு சொல்லிடலாம். ரத்தம் ஒத்துவரலை, வேற ஒண்ணுமில்லை. நீங்களும் அதையே சொல்லுங்க."

ஆக, தாய்க்கு ஒரு சத்தியம், மகளுக்கு ஒரு சத்தியம்.

மறுநாள் புதன். எவாந்தியா கதவைச் சாத்தியதும் என் பக்கம் திரும்பினாள். "எனக்குத் தெரியாம சோதிச்சுட்டு வந்திருக்கா, கழுதை. நீதானே கூட்டிட்டுப் போனே?"

"ஆமா."

"ரத்தம் ஒத்துவரலையாமே."

"ஆமாம்."

"வேற ஒண்ணும் சொல்லலையே? மத்தபடி நல்லா இருக்கான்னுதானே சொன்னாங்க?"

"நல்லா இருக்கா" என்றேன்.

தனக்குச் சிறுநீரகம் கிடைக்காது என்று உறுதியான நாளில் அவள் பாடினாள். திராட்சை அறுக்கும்போது பாடுகிற பாட்டு. மலை இறங்கும்வரை பாடினாள். குரல் முன்போல இல்லை, மேலே போகும்போது உடைந்தது. நான் கண்ணாடியைத் துடைப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அதிலிருந்து எனக்கு வாரத்துக்கு நாலு நாள் ஆஸ்பத்திரி. திங்கள், புதன், வெள்ளி தாய். செவ்வாய் மகள், ஊசிக்கும் பரிசோதனைக்கும். இரண்டு மாதம் ஓடியது. பலகையைப் பிடுங்கிப் போடலாம் என்று ஊர்ச் சங்கத்தில் ஒருநாள் வாயெடுத்தேன். முன்னோர் பெயரில் கை வைக்க நீ யார் என்றார்கள். காரணம் சொல்ல எனக்கு வாயில்லை. ஈஸ்டருக்குப் புதுப் பெயிண்ட் வேறு அடித்தார்கள்.

ஈஸ்டர் முடிந்த அடுத்த புதன்கிழமை எவாந்தியா நர்சுகளுக்கு ரொட்டி சுட்டு எடுத்து வந்திருந்தாள். நான் இறங்குவதற்குள் அவளே டிக்கியைத் திறந்துவிட்டாள். உள்ளே வெள்ளைப் பிளாஸ்டிக்கில் பெரிய குடுவை ஒன்று கிடந்தது. ஒரு நாள் முழுக்கப் போகிற சிறுநீரைப் பிடித்துக் கொடுக்க ஆஸ்பத்திரியில் தருகிற குடுவை. முந்தின நாள் மிர்த்தோ எடுக்க மறந்தது. மெஷின் தொடங்குவதற்கு முன்னால் எவாந்தியாவும் அதே மாதிரிக் குடுவையை இரண்டு மூன்று தடவை சுமந்திருக்கிறாள். அதில் ஒட்டியிருந்த சீட்டில் மகளின் பெயர் இருந்தது.

நான் அவள் பக்கத்தில் போய் நின்றேன். அவள் அதை எடுக்கவில்லை, தொடவும் இல்லை. ரொட்டிப் பொட்டலத்தை அதற்குப் பக்கத்தில் வைத்தாள். டிக்கியை மெதுவாகச் சாத்தினாள்.

"வண்டியை எடு" என்றாள்.

அன்று அவள் என் ஓட்டுதலைக் குறை சொல்லவில்லை. நாலு மணி நேரம் கழித்து ஏற்றினேன். கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டே வந்தாள். ஊருக்குள் நுழைந்ததும், "ஆத்துப் பாதைக்கு விடு" என்றாள். எட்டாவது பலகை வரை வண்டி போகும். வேலியோரம் செடி செழித்துக் கிடந்தது, பூத்தும் இருந்தது.

"பிடுங்கு."

"சங்கத்துக்காரங்க கேட்டா?"

"எவாந்தியா பிடுங்கினான்னு சொல்லு. எதுக்குன்னு கேட்டா வீட்டுக்கு வரச் சொல்லு. பொண்ணு வச்சிருக்கிறவங்க எல்லாரையும் வரச் சொல்லு. நானே சொல்றேன்."

ஜாக்கிக் கம்பியை அடியில் விட்டு நெம்பினேன். கட்டை ஆழமாக நட்டிருந்தது, வர மறுத்தது. எனக்குக் கண் மறைத்தது. அவள் இறங்கி வந்து, கனம் தூக்கக் கூடாத அந்த இடது கையையும் சேர்த்துப் போட்டு இழுத்தாள். விடு, விடு என்றேன், கேட்கவில்லை. பலகை வந்தது. எழுத்து கீழே பார்க்கிற மாதிரி டிக்கியில் போட்டேன்.

வீட்டு வாசலில் இறங்கினாள். சமையலறை ஜன்னலில் மிர்த்தோ பாத்திரம் கழுவுவது தெரிந்தது. எவாந்தியா கொஞ்ச நேரம் அந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கம்பளியை நாலாக மடித்துச் சீட்டில் வைத்துவிட்டு நடந்தாள்.

"கம்பளியை விட்டுட்டுப் போறியே" என்றேன்.

"இருக்கட்டும். செவ்வாய்க்கிழமை அவளுக்குக் குளிரும்."